2001 கமாரோ இசட்28 ஆட்டோமேட்டிக்: டார்க் கன்வெர்ட்டர் மாற்றலாம் என்றிருக்கிறேன், எந்த ஸ்டால் எடுப்பது?

சாம்பல்_இசட்28

வணக்கம் நண்பர்களே. ஹூஸ்டனில் இருக்கிறேன். கையில் இருப்பது 2001 கமாரோ இசட்28. 5.7 லிட்டர் எல்எஸ்1 எஞ்சின், நான்கு கியர் 4எல்60இ ஆட்டோமேட்டிக், பின் ஆக்சிலின் கியர் விகிதம் 2.73. ஓடியது 91,000 மைல். ஏர் இன்டேக்கும் பின்பக்க எக்ஸாஸ்ட்டும் தவிர மற்றதெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது.

குறை இதுதான். சிக்னலில் பச்சை விழுந்ததும் முழுசாக மிதித்தால் முதல் ஒரு நொடி வண்டி சோம்பலாக நகர்கிறது. முள் மூவாயிரத்தைத் தாண்டிய பிறகுதான் எட்டு சிலிண்டரும் விழித்துக்கொள்கின்றன. அப்புறம் ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது மறுபடியும் ஒரு தொய்வு. இதே எஞ்சின் உள்ள மேனுவல் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், இந்தத் தொய்வே அதில் இல்லை.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டரை மாற்றினால் சரியாகும் என்கிறார்கள். ஒருவர் 2800 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடச் சுற்று) ஸ்டால் போதும் என்கிறார், இன்னொருவர் 3600-க்குக் குறைந்து எடுக்கவே எடுக்காதே என்கிறார். தினமும் ஐ-10 சாலையில் வேலைக்குப் போய்வர 50 மைல் ஓட்டும் வண்டி இது. மனைவியும் எடுப்பார். செலவுக்கு 1,500 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். எந்த எண்ணை எடுக்கலாம்?

கால்மைல்

3600 போடுங்கள். நான் 2006-இல் என் டிரான்ஸ் ஆமில் போட்டேன், இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. எஞ்சினுக்குள் கை வைக்காமல் கால் மைல் நேரத்தில் அரை நொடி குறைய வேறு வழி கிடையாது. குறைந்த ஸ்டால் எடுத்தவர்கள் ஆறு மாதத்தில் கூடிய ஸ்டால் எடுக்கத் திரும்பி வருகிறார்கள், கியர்பாக்ஸை இறக்கும் வேலை இரண்டு முறை ஆகிவிடுகிறது.

பட்டறைக்காரன்

நண்பரே, இருபது வருஷமாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பிரித்து மாட்டிப் பிழைப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 2800-ஆ 3600-ஆ என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அந்த எண் கன்வெர்ட்டருக்கு மட்டும் சொந்தமானது இல்லை. பாதி உங்கள் எஞ்சினுக்குச் சொந்தம்.

உள்ளே இருப்பது மூன்று சக்கரங்கள். எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது இம்பெல்லர், அதுதான் எண்ணெயை வீசுகிறது. வீசிய எண்ணெய் மோதிச் சுற்றுவது டர்பைன், அது கியர்பாக்ஸின் உள்தண்டில் மாட்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஸ்டேட்டர். டர்பைனில் மோதித் திரும்பும் எண்ணெய் இம்பெல்லரின் சுழற்சிக்கு எதிராக வராதபடி இது திருப்பிவிடுகிறது. டார்க், அதாவது சுழற்றும் விசை, பெருகுவது இங்கேதான். டர்பைன் நின்றுகொண்டிருக்கும்போது பெருக்கம் அதிகபட்சம், இரண்டு மடங்குக்கு மேலேயும் போகும். டர்பைன் வேகம் எடுக்க எடுக்க அது குறைந்து, கிட்டத்தட்ட எஞ்சின் வேகத்தை எட்டும்போது ஒன்றுக்கு ஒன்று ஆகிவிடும். அப்போது ஸ்டேட்டர் தன் ஒருவழி கிளட்சில் சும்மா சுற்ற ஆரம்பிக்கும்.

டர்பைனை அசையாமல் பிடித்துக்கொண்டு முழுசாக மிதித்தால் எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் முட்டி நிற்கிறதோ அதுதான் ஸ்டால். எஞ்சினின் டார்க் கூடினால் அந்த முட்டும் இடமும் ஏறும், ஆனால் நேர்விகிதத்தில் ஏறாது, டார்க்கின் வர்க்கமூலத்தோடு ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 320 பவுண்டு-அடி கொடுக்கும் எல்எஸ்1 பின்னால் 3,200-இல் முட்டும் கன்வெர்ட்டரை, கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றி 400 கொடுக்கும் எஞ்சினில் மாட்டினால் ஏறக்குறைய 3,580-இல் முட்டும். அதையே கமாரோவின் 3.8 லிட்டர் வி6 பின்னால், 225 பவுண்டு-அடியில் மாட்டினால் 2,700-ஐத் தாண்டாது. பொருள் ஒன்றே, எண் மூன்று. அதனால்தான் நல்ல கன்வெர்ட்டர் செய்பவர் போனை எடுத்ததும் வண்டி எடை, ஆக்சில், டயர் உயரம், கேம் எல்லாம் கேட்பார். கேட்காமல் எண்ணை மட்டும் சொல்லி விற்பவரிடம் வாங்க வேண்டாம்.

இன்னொன்று, விட்டம். உங்கள் வண்டியில் இப்போது இருப்பது 300 மில்லிமீட்டர், ஏறக்குறைய 11.8 அங்குலம். கன்வெர்ட்டர் தாங்கும் டார்க், விட்டத்தின் ஐந்தாம் அடுக்கோடு ஏறி இறங்கும். இறக்கைகளை அப்படியே வைத்து 10 அங்குலத்துக்குச் சுருக்கினாலே 1,800 ஸ்டால் 2,700-க்குப் போய்விடும். மீதியை ஸ்டேட்டர் இறக்கையின் கோணத்தில் எடுப்பார்கள். சின்ன விட்டம் எடையிலும் லேசு, எஞ்சின் சட்டென்று சுழன்று ஏறும்.

கால்மைல் சொல்லும் 3600 கெட்டதில்லை. ஆனால் அவருடைய டிரான்ஸ் ஆம் வாரக் கடைசியில் எடுக்கும் வண்டி என்று நினைக்கிறேன். இவருடையது தினமும் ஐ-10.

கால்மைல்

ஆமாம் அண்ணா, வாரக் கடைசி வண்டிதான். என்னுடையதில் ஆக்சிலும் 3.73. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சாம்பல்_இசட்28

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஸ்டேட்டர் என்ன செய்கிறது என்று இன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு சந்தேகம். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கன்வெர்ட்டர் உதவும் என்பது சரி. இரண்டாம் கியருக்கு மாறும்போது வரும் தொய்வுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? அதற்கு ஆக்சில் கியரை மாற்றினால்தான் சரியாகும் என்று இங்கே ஒரு நண்பர் சொல்கிறார்.

தாமரை_ட்யூன்

அந்தத் தொய்வைப் பற்றி நான் சொல்கிறேன், எல்எஸ்1 கம்ப்யூட்டர்களை ட்யூன் செய்வதுதான் என் வேலை. பலரும் கன்வெர்ட்டரைக் கிளம்புவதற்கான பொருளாக மட்டுமே பார்க்கிறார்கள். 4எல்60இ உள்ள வண்டியில் அதைவிடப் பெரிய லாபம் நீங்கள் கேட்ட இடத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கியர்பாக்ஸின் விகிதங்கள்: முதலாவது 3.06, இரண்டாவது 1.63, மூன்றாவது 1.00, நான்காவது 0.70. முதலுக்கும் இரண்டாவதற்கும் இடையில் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். 6,000 ஆர்பிஎம்மில் மாறினால் உள்தண்டின் வேகம் ஒரே அடியில் 3,200-க்கு விழுகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது 3,680. உங்கள் எஞ்சினுக்கு உச்ச டார்க் வருவது 4,000-த்தில், உச்ச சக்தி 5,200-இல். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் எஞ்சினை அதன் நல்ல இடத்திலிருந்து கீழே தள்ளிவிட்டு, மறுபடியும் ஏறி வரச் சொல்கிறோம்.

தொழிற்சாலை கன்வெர்ட்டர் இறுக்கமானது, அதாவது குறைவாகத்தான் வழுக்கும். உள்தண்டு 3,200-க்கு விழுந்தால் எஞ்சினும் கூடவே 3,300, 3,400-க்கு விழும். அங்கே எஞ்சின் கொடுப்பது சுமார் 200 குதிரைத்திறன். தளர்வான கன்வெர்ட்டர் எஞ்சினை அவ்வளவு விழ விடாது. 3,200 ஸ்டால் போட்டால் எஞ்சின் நாலாயிரத்துக்குப் பக்கத்தில் தங்கிக்கொள்ளும், அங்கே 340 பவுண்டு-அடி என்றால் ஏறக்குறைய 260 குதிரைத்திறன். வழுக்கலில் ஒரு பங்கு சூடாகப் போகும். போனாலும் சக்கரத்துக்கு வந்து சேருவது முன்னைவிட அதிகம். நீங்கள் ஓட்டிய மேனுவலில் தொய்வு இல்லாததற்கும் இதுவே காரணம், அதில் முதல் இரண்டு கியர்களும் இவ்வளவு தள்ளி இல்லை.

எனவே என் வழக்கம் இது: ஸ்டால் எண்ணை உச்ச டார்க்கிலிருந்து கீழே வந்து எடுப்பது. தொழிற்சாலை கேம் உள்ள எல்எஸ்1-க்கு 2,800 முதல் 3,200 வரை போதும். பெரிய கேம் போட்டு உச்சத்தை 4,800-க்குத் தள்ளியவர்களுக்குத்தான் 3600-உம் அதற்கு மேலும்.

டைனோ (சக்கரத்தில் சக்தியை அளக்கும் இயந்திரம்) காட்டும் எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். தளர்ந்த கன்வெர்ட்டரோடு டைனோவில் ஏற்றினால் சக்கரத்தில் காட்டும் குதிரைத்திறன் முன்னைவிடக் குறையும். சாலையில் வண்டி முன்னைவிட வேகமாகப் போகும். இரண்டும் ஒரே வண்டியில் நடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆயில்கறை

ஆக்சில் கியர் கேள்விக்கு: 2.73-ஐ 3.73 ஆக்கினால் எல்லாக் கியரிலும் இழுப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் கியர்களுக்கு இடையே உள்ள பள்ளம் அப்படியேதான் இருக்கும், ஆறாயிரத்தில் மாறினால் அதே 3,200-தான். இன்னொன்று, இந்த வண்டிகளின் பின் ஆக்சில், பத்து போல்ட் என்று சொல்லும் சின்ன ரகம். ஒட்டும் டயர் போட்டு அடித்து ஓட்டினால் உடையும் என்பது எஃப்-பாடி (கமாரோ, ஃபயர்பேர்டு) வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இருக்கிற பணத்தை முதலில் கன்வெர்ட்டரில் போடுங்கள்.

பட்டறைக்காரன்

ஆயில்கறை சொல்வது சரி. அந்த 2.73-இல் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 70 மைல் வேகத்தில் நான்காம் கியரில், லாக்கப் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வழுக்காமல் நேராகப் பூட்டும் கிளட்ச்) பிடித்திருக்கும்போது உங்கள் எஞ்சின் சுமார் 1,750 ஆர்பிஎம்மில்தான் ஓடும். 3.73 என்றால் 2,400. 3600 ஸ்டால் கன்வெர்ட்டருக்கு 1,750 என்பது தூக்கத்தில் நடப்பது மாதிரி. லாக்கப் கிளட்ச் பிடித்திருக்கும்வரை கவலையில்லை, கன்வெர்ட்டர் வெறும் இரும்புத் துண்டாக மொத்தமாகச் சுற்றும். மேம்பாலம் ஏறக் கொஞ்சம் மிதித்து லாக்கப் விட்டதும் கதை மாறும். எஞ்சின் ஓரிடம், டர்பைன் ஓரிடம், நடுவில் இருக்கும் வித்தியாசமெல்லாம் எண்ணெயில் சூடு.

எவ்வளவு சூடு என்றால், 25 குதிரைத்திறனில் ஓடும் வண்டியில் ஐந்தில் ஒரு பங்கு வழுக்கினாலே 5 குதிரைத்திறன், கிட்டத்தட்ட 3,700 வாட். ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி நாலை எண்ணெய்க்குள் இறக்கி வைத்தது போல. ஹூஸ்டனில் ஆகஸ்டு மாதம் நூறு டிகிரி வெயிலில், நெரிசலில் நகர்ந்துகொண்டு யோசித்துப் பாருங்கள்.

அதனால் கன்வெர்ட்டரை வாங்குவதற்கு முன்பே கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரை வாங்குங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரை வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்து முன்பக்கம் ஒரு அடுக்குத்தகடு கூலர் போடுங்கள். கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டில் (பான்) ஒரு வெப்பமானி. 175 முதல் 200 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் ஓடினால் எண்ணெய் பிழைக்கும். 200-க்கு மேல் ஒவ்வொரு இருபது டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்று எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. அடிபட்ட எண்ணெயை முகர்ந்தாலே தெரியும், தீய்ந்த வாடை வரும், சிவப்பு போய்ப் பழுப்பாகிவிடும். முதலில் போவது மூன்றாம், நான்காம் கியர்களுக்குப் பிடிக்கும் 3-4 கிளட்ச். இந்தக் கியர்பாக்ஸில் பலவீனமான இடமும் அதுதான்.

பத்துகியர்

இழையின் நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் 2019 மஸ்டாங் ஜிடி, பத்து கியர் ஆட்டோமேட்டிக். இதே லாபம் எனக்கும் கிடைக்குமா?

தாமரை_ட்யூன்

இவருக்குக் கிடைக்கும் அளவு கிடைக்காது. உங்கள் 10ஆர்80 கியர்பாக்ஸில் முதல் கியர் 4.69, இரண்டாவது 2.99. 6,500-இல் மாறினாலும் 4,100-க்கு மேல்தான் விழுகிறீர்கள். அதற்கடுத்த கியர்கள் இன்னும் நெருக்கம், பள்ளமே கிடையாது. கிளம்பும் இடத்திலும் பாருங்கள். 4.69-ஐ 3.15 ஆக்சிலால் பெருக்கினால் 14.8 வருகிறது. இவருடைய கமாரோவில் 3.06-ஐ 2.73-ஆல் பெருக்கினால் 8.35. இவருக்குக் கன்வெர்ட்டர் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை உங்களுக்குக் கியர்களே செய்துவிடுகின்றன. டர்போ போட்டு, கிளம்புவதற்கு முன்பே பூஸ்ட் ஏற்ற வேண்டும் என்ற நிலை வந்தால் யோசியுங்கள். இப்போதைக்கு நல்ல பின் டயர் வாங்குவதுதான் உருப்படியான செலவு.

கொர்வெட்காரன்

சி5 கொர்வெட் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. நம் வண்டியிலும் இதே 4எல்60இதான், ஆனால் அது பின் சக்கரங்களுக்கு முன்னால், டிஃபரன்ஷியலோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. கன்வெர்ட்டரும் அங்கேதான். எஞ்சினிலிருந்து டார்க் குழாய் வழியாக ஒரு தண்டு நீளமாக வருகிறது. கன்வெர்ட்டரைத் தொட வேண்டுமானால் பின் சஸ்பென்ஷன் சட்டம் முழுவதையும் இறக்க வேண்டும். கூலி இரண்டு மடங்குக்குக் குறையாது. இறக்கிய கையோடு டார்க் குழாய்க்குள் இருக்கும் ரப்பர் இணைப்புகளையும் பார்த்துவிடுங்கள். வெடித்திருந்தால் அப்போதே மாற்றுவதுதான் நல்லது, அதற்காக இன்னொரு தடவை யாரும் இறக்க மாட்டார்கள்.

ஆயில்கறை

யார் மாட்டப் போகிறார்கள் என்று சாம்பல் இன்னும் சொல்லவில்லை. அதனால் எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

2014-இல் என் ஃபயர்பேர்டுக்கு 3,000 ஸ்டால் கன்வெர்ட்டர் வாங்கி, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பட்டறையில் மாட்டக் கொடுத்தேன். காலையில் விட்டேன், மாலையில் வண்டி தயார் என்றார்கள். வீட்டுக்கு வரும்போதே கியர்பாக்ஸ் பக்கமிருந்து மெல்லிய கூவல் சத்தம். எஞ்சின் வேகம் ஏறினால் கூவலும் ஏறும், நியூட்ரலில் போட்டாலும் நிற்கவில்லை. மறுநாள் காலையில் வாசல் சிமெண்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக எண்ணெய். அன்றைக்கு அலுவலகம் போய்ச் சேருவதற்குள் ஒரு சிக்னலில் நின்ற வண்டி அதற்கப்புறம் எந்தக் கியரிலும் நகரவில்லை. மாட்டியதிலிருந்து மொத்தம் 38 மைல்.

வேறொருவர் பிரித்துக் காட்டினார். கன்வெர்ட்டர் கடைசிவரை உள்ளே உட்காரவில்லை. கழுத்தில் இருக்கும் வெட்டு பம்ப்பில் போய்ப் பொருந்தாமல் விளிம்பில் நின்றிருக்கிறது. அந்த நிலையிலேயே கியர்பாக்ஸை எஞ்சினோடு வைத்துப் போல்ட்டை முறுக்கி இழுத்திருக்கிறார்கள். பம்ப்பின் உள் சக்கரம் மூன்று துண்டு. உடைந்த பொடி எண்ணெயோடு எல்லா இடத்துக்கும் போயிருந்தது. புதுக் கன்வெர்ட்டரையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று, உள்ளே புகுந்த இரும்புப் பொடியை அறுத்துத் திறக்காமல் கழுவ முடியாது.

நீங்களே மாட்டினாலும் சரி, வேறு யாரையாவது மாட்டச் சொன்னாலும் சரி, உட்காரும் சத்தத்தை எண்ணுங்கள்.

பட்டறைக்காரன்

இதைப் படிக்கும்போதே மனசு வலிக்கிறது. ஐந்து நிமிஷ வேலையை விட்டதால் வந்த நஷ்டம்.

உட்கார வைக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் கன்வெர்ட்டரை நிமிர்த்தி வைத்து ஒரு குவார்ட் எண்ணெய் ஊற்றுங்கள், காய்ந்த நிலையில் ஓடவிடக் கூடாது. கழுத்தின் வெளிப்புறத்தில் எண்ணெய் தடவுங்கள், புது சீல் கிழியாமல் இருக்கும். கியர்பாக்ஸில் நுழைத்து, லேசாக உள்ளே அழுத்திக்கொண்டே சுற்றுங்கள். உள்தண்டின் பற்கள் பிடிக்கும்போது ஒரு ‘டக்’. ஸ்டேட்டர் பற்கள் பிடிக்கும்போது இரண்டாவது ‘டக்’. பம்ப் பிடிக்கும்போது மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் பலரிடம் தப்பிப் போவது. இரண்டு வந்ததும் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

அப்புறம் கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும்போது இரண்டு முகங்களும் கையால் தள்ளினாலே ஒட்ட வேண்டும். போல்ட்டால் இழுத்துச் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் உடனே நிறுத்துங்கள். சேர்ந்த பிறகு கன்வெர்ட்டரை கியர்பாக்ஸ் பக்கம் முழுசாகத் தள்ளி, எஞ்சின் பக்கத்துத் தகடான பிளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் மூன்று போல்ட்டுகளையும் போடுங்கள்.

சாம்பல்_இசட்28

எல்லோருக்கும் நன்றி. ஆயில்கறை, உங்கள் அனுபவத்தைப் படித்த பிறகு நானே மாட்டுவதென்று முடிவு செய்துவிட்டேன். மைத்துனர் வீட்டில் இரண்டு தூண் லிஃப்ட் இருக்கிறது. கன்வெர்ட்டர் செய்பவரிடம் அரை மணி நேரம் பேசினேன். பட்டறைக்காரன் அண்ணா சொன்ன கேள்விகள் அத்தனையையும் கேட்டார். இந்த எஞ்சினுக்கு 3,000-த்தில் முட்டும்படி 10 அங்குலத்தில் செய்து தருகிறேன், நின்ற நிலையில் டார்க் பெருக்கம் 2.1 என்றார். 2.5 கேட்டேன். கிளம்பும்போது அது நன்றாக உதைக்கும், ஆனால் உங்கள் தெரு டயர் அதைச் சாலையில் இறக்காது, மேல் வேகத்தில் வழுக்கலும் கூடும் என்று சொல்லித் தடுத்துவிட்டார்.

பட்டறைக்காரன்

நல்ல ஆளிடம் போயிருக்கிறீர்கள். இறக்கைகள் வெறும் மடிப்பில் நிற்கின்றனவா, உலையில் பற்றவைத்தவையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பற்றவைத்ததுதான் வேண்டும்.

இதைப் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய கியர்பாக்ஸ் ஞாபகம் வரும். 1965 முதல் 1967 வரை பியூக், ஓல்ட்ஸ்மொபில், காடிலாக் வண்டிகளில் வந்த டர்போ 400-இல் ஸ்டேட்டர் இறக்கைகளின் கோணமே மாறும். மிதித்தால் ஒரு கோணம், மெதுவாகப் போனால் இன்னொன்று. ஒரே கன்வெர்ட்டருக்குள் இரண்டு ஸ்டால். நாம் இன்று எதைக் கொடுத்து எதை வாங்குவது என்று உட்கார்ந்து கணக்குப் போடுகிறோமே, அதை அவர்கள் அன்றே இரண்டையும் வைத்துச் செய்திருக்கிறார்கள். அப்படி ஒன்றைப் பிரித்துப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு மறந்துவிட்டது.

சாம்பல்_இசட்28

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். மாட்டியாகிவிட்டது.

இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. முதல் சனிக்கிழமை முழுவதும் இறக்குவதற்கே போயிற்று. எக்ஸாஸ்ட்டின் ஒய் குழாய், டிரைவ் ஷாஃப்ட், பின் ஆக்சிலிலிருந்து வந்து கியர்பாக்ஸின் வால் பகுதியில் மாட்டியிருக்கும் அந்த நீள டார்க் ஆர்ம், எல்லாம் கழற்ற வேண்டியிருந்தது. கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும் பெல் ஹவுசிங்கில் மேலே இருக்கும் இரண்டு போல்ட்டுகளுக்குக் கையே போகாது. கியர்பாக்ஸின் வாலைக் கீழே தாழ்த்தி, மூன்று எக்ஸ்டென்ஷன்களை ஒன்றோடொன்று கோத்து, பின்னாலிருந்து எடுத்தோம்.

பழைய கன்வெர்ட்டரையும் புதியதையும் பெஞ்சில் பக்கத்தில் வைத்தபோது மைத்துனர் சிரித்துவிட்டார். பழையது சோற்றுப் பானை மாதிரி, புதியது குழம்புச் சட்டி மாதிரி. உட்கார வைக்கும்போது ‘டக்’ இரண்டு உடனே வந்தன. மூன்றாவது வரவில்லை. இருபது நிமிடம் சுற்றிச் சுற்றி அழுத்தியும் வரவில்லை. கை தளர்ந்துபோய், வெளியே எடுத்து, பம்ப்பில் இருக்கும் பொருத்தும் இடம் எந்தப் பக்கம் நிற்கிறதென்று டார்ச் அடித்துப் பார்த்து, கன்வெர்ட்டர் கழுத்திலும் அதே கோணத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு மறுபடி நுழைத்தோம். கால் சுற்று திருப்புவதற்குள் கனமாக ஒரு ‘டொக்’, அரை அங்குலம் உள்ளே போய்விட்டது. அந்தச் சத்தம் கேட்டபோது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இடைவெளி 4 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் டிரில் பிட்டை நுழைத்துத்தான் அளந்தோம்.

ஓட்டம்: வேறு வண்டி போல இருக்கிறது. பாதி மிதித்தாலே 2,400 வரை முள் ஏறி, அங்கிருந்து வண்டி இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டாம் கியர் மாற்றத்தில் முள் 3,900-க்குக் கீழே விழவில்லை, தாமரை சொன்ன கணக்கு அப்படியே வந்தது. பேடவுனில் இருந்த ஓடுதளத்தை 2023-இல் மூடிவிட்டதால் கால் மைல் நேரம் எடுக்க இரண்டு மணி நேரம் ஓட்டிப் போனேன். முன்பு 13.8, இப்போது 13.3. முதல் 60 அடி 2.15-லிருந்து 1.96.

சூடு: ஐ-10-இல் லாக்கப்பில் 170 டிகிரி. மாலை நெரிசலில் 195 வரை போனது, அதற்கு மேல் இல்லை. ஊருக்குள் மைலேஜ் கேலனுக்கு ஒரு மைல் குறைந்திருக்கிறது. ப்ரீவேயில் வித்தியாசம் தெரியவில்லை. மனைவி ஒரு வாரம் ஓட்டிவிட்டு, பார்க்கிங்கில் பின்னால் எடுக்கும்போது முன்பு மாதிரி தானாக நகரவில்லை, கொஞ்சம் மிதிக்க வேண்டியிருக்கிறது என்றார். மற்றபடி அவருக்குப் பழகிவிட்டது.

ஒரே ஒரு குறை. 42 மைல் வேகத்தில், லேசாக மிதித்துப் போகும்போது நடைபாதை மேட்டில் சக்கரம் உரசுவது போல ஒரு நடுக்கம். இரண்டு நொடியில் நின்றுவிடுகிறது. இது என்ன?

தாமரை_ட்யூன்

லாக்கப் சீக்கிரம் பிடிக்கிறது. 2.73 ஆக்சிலோடு 42 மைலில் மூன்றிலிருந்து நான்காம் கியர் போய் உடனே லாக்கப் பிடித்தால் எஞ்சின் 1,050 ஆர்பிஎம்முக்கு இறங்கிவிடும், அங்கே எஞ்சின் திணறுகிறது. கன்வெர்ட்டர் மேல் தப்பில்லை. கம்ப்யூட்டருக்கு இன்னும் பழைய கன்வெர்ட்டர்தான் இருக்கிறது என்று நினைப்பு. லேசான மிதிக்கு லாக்கப் பிடிக்கும் வேகத்தை 52-க்கு ஏற்ற வேண்டும், விடும் வேகத்தை 47. நான்காம் கியர் ஏறும் இடத்தையும் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். முழு மிதியில் லாக்கப் பிடிக்கவே கூடாது என்றும் அட்டவணையில் பார்த்துவிடுங்கள், உங்களுடையது ஒற்றைத் தட்டு கிளட்ச், முழு டார்க்கைத் தாங்காது. இதையெல்லாம் விட்டு ஓட்டினால் ஒருநாள் கியர்பாக்ஸ் வழுக்குகிறது என்று சொல்லும் பி1870 பிழைக் குறியீடு வந்து நிற்கும். அது வந்தால் கம்ப்யூட்டர் எண்ணெய் அழுத்தத்தை முழுசாக ஏற்றிவிடும், ஒவ்வொரு கியரும் உதைத்துக்கொண்டு விழும். இப்போதுள்ள ஃபைலை அனுப்புங்கள், இன்றிரவு திருத்தித் தருகிறேன்.

சாம்பல்_இசட்28

அனுப்பிவிட்டேன் அக்கா.

சாம்பல்_இசட்28

நேற்று ஃபைலை ஏற்றி, இன்று போய்வர 50 மைலும் ஓட்டிப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. 52-இல் லாக்கப் பிடிப்பது முள் 300 இறங்குவதில் மட்டும் தெரிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை. மாட்டியதிலிருந்து 430 மைல் ஆகிறது. பட்டறைக்காரன் அண்ணா, எண்ணெய்த் தட்டை எப்போது இறக்கிப் பார்க்க வேண்டும்?

பட்டறைக்காரன்

500-இல் இறக்குங்கள். காந்தத்தில் சாம்பல் நிற மாவு மாதிரி மெல்லிசாக ஒட்டியிருந்தால் அது புதுப் பாகங்கள் பழகும்போது வருவது, துடைத்துவிட்டு ஃபில்டரையும் எண்ணெயையும் மாற்றிவிடலாம். விரலில் தேய்த்தால் குத்துகிற செதிலாக ஏதாவது இருந்தால் வண்டியை எடுக்காமல் எனக்கு ஒரு படம் போடுங்கள்.